நிஜத் தரவை வெளியே விடாமல் டெஸ்ட் தரவு தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புரொடக்ஷன் (நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் அமைப்பு) தரவுத்தளத்தின் நகலை அப்படியே டெஸ்ட் சர்வரில் இறக்கி வேலை பார்ப்பது பல குழுக்களில் இன்றும் நடக்கிறது. டெஸ்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கையால் அடித்த பத்து வரிசைகளை வைத்துச் சோதித்தால் எல்லாம் பச்சையாகத்தான் வரும். ரிலீஸ் ஆன மறுநாள் உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் உடையும். மறுபக்கம், பாதுகாப்புக் குழு "எதையும் தர முடியாது" என்று கதவைச் சாத்திவிட்டால், யாராவது அவசரத்துக்கு ஓர் எக்செல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார். அது முழு டம்ப்பை (தரவுத்தளத்தை ஒரே கோப்பாக எடுத்த நகலை) விட மோசம். டம்ப்பாவது எந்த சர்வரில் இருக்கிறது என்று தெரியும். அந்த எக்செல் எத்தனை லேப்டாப்பில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மாஸ்கிங் (நிஜ மதிப்புகளைப் போலி மதிப்புகளால் மறைப்பது) நுட்பத்தில் அல்ல, எதை எப்போது செய்வது என்பதில்தான். முதல் வேலையாக ஒரு கருவியை இறக்குவார்கள், பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றுவார்கள், டம்ப் எடுத்து அனுப்புவார்கள். தணிக்கை டேபிள் என்று ஒன்று இருப்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வரும். எனவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

புரொடக்ஷன் எல்லைக்குள்ளேயே, ஆனால் புரொடக்ஷன் சர்வர் அல்லாத ஒரு தனி சர்வர் வேண்டும். மாஸ்கிங் முழுவதும் அங்கேதான் ஓடும். புரொடக்ஷனுக்கு உள்ள அதே அணுகல் கட்டுப்பாடு அதற்கும் இருக்க வேண்டும்.

தரவுத்தளத்தின் ஸ்கீமா (எந்த டேபிளில் எந்த நெடுவரிசை என்ற அமைப்பு), அதை உண்மையாகவே அறிந்த ஒருவர், இரண்டும் வேண்டும். ஸ்கீமா மட்டும் போதாது. "ரிமார்க்ஸ்2" என்ற நெடுவரிசையில் என்ன இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் சேவைக் குழுவில் நீண்ட நாள் இருப்பவரால்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது, "இந்த நகல் வெளியே போகலாம்" என்று கையெழுத்திடும் பொறுப்புள்ள ஒருவர். அவர் மாஸ்கிங் ஸ்கிரிப்டை எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவர் கண்ணுக்குத் தன் ஓட்டை தெரியாது.

1. எந்தச் சோதனைக்கு எது தேவை என்று முதலில் எழுதுங்கள்

டெஸ்டர்களிடம் "என்ன தரவு வேண்டும்?" என்று கேட்டால் "புரொடக்ஷன் மாதிரியே வேண்டும்" என்பார்கள். அது பதில் ஆகாது. கேள்வியை மாற்றுங்கள்: "எந்தப் பக் இந்தத் தரவு இல்லாமல் பிடிபடாது?"

இப்படிக் கேட்டால் பதில்கள் பிரிந்து வரும். பில் கணக்கிடும் சோதனைக்குத் தொகைகளும் தேதிகளும் வரி மண்டலமும் வேண்டும், பெயர் வேண்டாம். தேடல் சோதனைக்குப் பெயர்களின் நீளமும் எழுத்து வகையும் வேண்டும். அவை யாருடைய பெயர்கள் என்பது வேண்டாம். செயல்திறன் சோதனைக்கு வரிசைகளின் எண்ணிக்கையும் மதிப்புகளின் பரவலும் வேண்டும். யூனிட் டெஸ்டுக்குப் புரொடக்ஷன் தரவே வேண்டாம்.

இதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் பின்னால் நடக்கும் பாதி வாக்குவாதம் எழாது. எழுதியதைப் படித்தால் ஒன்று கண்ணில் படும்: கிட்டத்தட்ட எல்லாச் சோதனைகளுக்கும் தேவைப்படுவது தரவின் வடிவம்தான். இந்த ஆள்தான் வேண்டும் என்று எந்தச் சோதனையும் கேட்பதில்லை.

சட்டத்தின் பார்வையிலும் இந்தப் பக்கம் உதவும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை அதற்குப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பொருள் வாங்க வந்தவர் தந்த முகவரியை டெஸ்டர் ஏன் பார்க்கிறார் என்ற கேள்வி வரும்போது, இந்த ஒரு பக்கம்தான் பதில்.

2. தனிப்பட்ட தரவு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்

வாடிக்கையாளர் டேபிளை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது மற்றவற்றை.

வரலாற்று டேபிள்கள் முதலிடம். யார் எதை எப்போது மாற்றினார் என்று பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் சேமிக்கும் தணிக்கை டேபிள், முதன்மை டேபிளில் நீங்கள் மறைத்த அத்தனையையும் தன்னிடம் பத்திரமாக வைத்திருக்கும். அடுத்தது ஜேசன் நெடுவரிசைகள்: வெளியிலிருந்து வந்த ஏபிஐ பதிலை "பின்னால் தேவைப்படும்" என்று அப்படியே கொட்டி வைத்திருப்பார்கள். அனுப்பிய மின்னஞ்சல்களின் டேபிள், தோல்வியடைந்த வேலைகளின் வரிசை, செஷன் டேபிள், தேடல் இண்டெக்ஸ், கேஷ், இணைப்புக் கோப்புகள் எல்லாம் இதே கணக்குதான். வாடிக்கையாளர் அனுப்பிய புகைப்படத்தின் மெட்டாடேட்டாவில் அவர் நின்ற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இருக்கலாம். பதிவேற்றிய கோப்பின் பெயரே "கடவுச்சீட்டு", அதோடு ஆளின் பெயர் என்று இருக்கலாம்.

நெடுவரிசையின் பெயரை நம்பாதீர்கள். ஒவ்வொரு எழுத்து வகை நெடுவரிசையிலிருந்தும் சில நூறு மதிப்புகளை எடுத்து, மின்னஞ்சல் போலவோ தொலைபேசி எண் போலவோ ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் வைத்துத் தேடுங்கள். படிவத்தில் இடமில்லாதபோது "இரண்டாம் முகவரி வரி"யில் தொலைபேசி எண்ணை அடித்து வைப்பது மனித இயல்பு.

3. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு முடிவு எழுதுங்கள்

இப்போது ஒரு விதிக் கோப்பு உருவாக வேண்டும். தரவுத்தளத்தின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நான்கில் ஒரு முடிவு: அப்படியே விடு, மாற்று, காலியாக்கு, டேபிளையே கொண்டுவராதே.

இங்கே மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. கோப்பில் இல்லாத நெடுவரிசை ஸ்கீமாவில் தென்பட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். "மறைக்க வேண்டியவற்றின் பட்டியல்" மட்டும் வைத்திருந்தால், அடுத்த மாதம் ஒரு டெவலப்பர் "அவசரத் தொடர்பு எண்" என்று புது நெடுவரிசை சேர்ப்பார். அது பட்டியலில் இருக்காது. அன்று இரவே நிஜ எண்கள் டெஸ்ட் சர்வருக்குப் போய்விடும். ஒரு பிழைச் செய்திகூட வராது. பட்டியலில் இல்லாதது வெளியே போகாது என்று தலைகீழாக வைத்தால், மறதி வேலையை நிறுத்தும், தரவைக் கசியவிடாது.

விதிக் கோப்பைக் குறியீட்டோடு சேர்த்து அதே ரெப்போவில் வையுங்கள். ஸ்கீமாவை மாற்றும் மாற்றமும் விதியும் ஒரே மறுஆய்வில் வரும்.

பெயர், எண், மின்னஞ்சல் ஆகியவை நேரடி அடையாளங்கள். அவற்றோடு நின்றுவிடாதீர்கள். தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 1990 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2000-இல் காட்டியது இதுதான்: ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி, இந்த மூன்றையும் சேர்த்தால் அந்நாட்டு மக்களில் சுமார் 87 சதவீதத்தினர் தனித்து அடையாளம் காணப்படக்கூடும். பெயரை மாற்றிவிட்டு இந்த மூன்றையும் அப்படியே விட்டால் நீங்கள் எதையும் மறைக்கவில்லை.

4. முதலில் வெட்டுங்கள், அப்புறம் மாஸ்க் செய்யுங்கள்

முழுத் தரவுத்தளத்தையும் மாஸ்க் செய்யத் தொடங்குவது பரவலான தவறு. இரவு முழுக்க ஓடும், பாதியில் விழும், மறுபடி ஓட்ட வேண்டும். நூறில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் போதும் என்றால் மீதி 99 பங்கை மாஸ்க் செய்யவே வேண்டாம். எடுக்காத தரவு கசியாது.

வெட்டும்போது தொடர்புகள் உடையக் கூடாது. ஒரு வாடிக்கையாளரை எடுத்தால் அவருடைய ஆர்டர்கள், அவற்றின் பொருள் வரிகள், கட்டணங்கள் எல்லாம் கூட வர வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்டர் ஒரு விற்பனை முகவரைச் சுட்டும், முகவரை எடுக்கிறீர்கள், முகவரிடமிருந்து அவருடைய எல்லா ஆர்டர்களுக்கும் போகிறீர்கள், அங்கிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும். முழுத் தரவுத்தளமும் திரும்ப வந்துவிட்டது. இதைத் தடுக்க ஒரு விதி போதும்: தாய் டேபிளிலிருந்து (வாடிக்கையாளர்) பிள்ளை டேபிளுக்கு (அவருடைய ஆர்டர்கள்) முழுவதும் இறங்குங்கள், பிள்ளையிலிருந்து தாய்க்கு ஏறினால் அந்த ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடுங்கள், அங்கிருந்து மறுபடி இறங்காதீர்கள்.

யாரை எடுப்பது? சும்மா முதல் ஆயிரம் பேரை எடுத்தால் மிகப் பழைய வாடிக்கையாளர்கள் மட்டுமே வருவார்கள். வாடிக்கையாளர் ஐடியை ஹாஷ் செய்து (ஒரே மதிப்புக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் ஒருவழிக் கணக்கு), நூறால் வகுத்த மீதி ஒரு குறிப்பிட்ட எண்ணாக இருப்பவர்களை எடுங்கள். பரவலாகவும் இருக்கும், அடுத்த முறை ஓட்டும்போதும் அதே ஆட்கள் வருவதால் டெஸ்ட்கள் உடையாது. அதோடு முதல் படியில் எழுதிய விசித்திரமான வகைகளைத் தனியாகச் சேருங்கள்: ரத்தான ஆர்டர், பகுதித் திருப்பித்தரல், இரண்டு நாணயங்களில் கணக்கு வைத்திருப்பவர்.

5. மாஸ்கிங் விதிகளை வகைவாரியாக எழுதுங்கள்

பெயர்கள்

எல்லாப் பெயரையும் "டெஸ்ட் யூசர் 1", "டெஸ்ட் யூசர் 2" என்று மாற்றுவதுதான் புதியவர்களின் முதல் முயற்சி. பெயர் சம்பந்தப்பட்ட பக் எல்லாம் அதோடு மறைந்துவிடும். நிஜத்தில் ஒற்றைச் சொல் பெயர் உண்டு, முன்னால் இனிஷியல் உண்டு, கடைசிப் பெயரே இல்லாதவர் உண்டு, மேற்கோள் குறி உள்ள பெயரும் உண்டு.

தமிழில் பெயர் சேமிக்கும் அமைப்பாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியீடும் 3 பைட். "கோ" என்ற ஒற்றை எழுத்து இரண்டு குறியீடு, ஆக 6 பைட். பைட்டில் அளவு வைத்த புலம் தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டும். அதோடு, "கொ" என்பதை ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நார்மலைஸ் செய்யாத, அதாவது இரு வடிவத்தையும் ஒன்றாக்காத தேடலில் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இந்த வகைகள் எல்லாம் இருக்கட்டும். மூலத்தில் எத்தனை பங்கு எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் கொடுங்கள்.

மின்னஞ்சலும் தொலைபேசியும்

மாற்று மின்னஞ்சலைக் கற்பனையாக உருவாக்கினால் அது உலகில் யாரோ ஒருவருடையதாக இருக்கக்கூடும். போலித் தரவு நூலகங்கள் சில ஜிமெயில் முகவரிகளையே உருவாக்கித் தரும், அமைப்பைப் பாருங்கள். எக்ஸாம்பிள்.காம், அல்லது டாட் டெஸ்ட், டாட் இன்வாலிட் என முடியும் முகவரிகளைப் பயன்படுத்துங்கள். 1999-இல் வந்த இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2606 இவற்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. யாருடைய பெட்டிக்கும் போகாது.

தொலைபேசிக்கும் சில நாடுகளில் இப்படி ஒதுக்கிய எண்கள் உண்டு. வட அமெரிக்காவில் 555-0100 முதல் 555-0199 வரை கற்பனைப் பயன்பாட்டுக்கானவை. உங்கள் நாட்டில் இல்லையென்றால், படிவச் சரிபார்ப்பில் தேறும், ஆனால் வழங்கப்படாத தொடக்க இலக்கம் கொண்ட எண் வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

"எண்ணை ஹாஷ் செய்துவிட்டேன், போதும்தானே?" என்ற கேள்வி தவறாமல் வரும். போதாது. பத்து இலக்க எண்ணுக்கு மொத்தம் 1000 கோடி சாத்தியங்கள்தான். எம்டி5 போன்ற வேகமான ஹாஷை ஒரு சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு கோடி முறை கணக்கிடும். ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து பார்த்துப் பொருத்திவிடலாம். 2014-இல் நியூயார்க் நகர டாக்சிப் பயணத் தரவு வெளியானபோது இதுதான் நடந்தது: வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 செய்து கொடுத்திருந்தார்கள், அவற்றின் வடிவம் குறுகியது என்பதால் சில மணி நேரத்தில் எல்லாம் திரும்ப எடுக்கப்பட்டன.

அட்டை எண்கள், கடவுச்சொற்கள், டோக்கன்கள்

அட்டை எண்ணை மாஸ்க் செய்ய மெனக்கெட வேண்டாம். பரிசோதனை எண்ணாக மாற்றுங்கள். 4111 1111 1111 1111 போன்றவை லூன் சரிபார்ப்பில் (அட்டை எண்ணின் இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கணக்கு) தேறும். உங்கள் கட்டண நுழைவாயிலின் சாண்ட்பாக்ஸும் (நிஜப் பணம் நகராத சோதனைச் சூழல்) தன் பட்டியலைக் கொடுத்திருக்கும். கடைசி இலக்கத்தை மட்டும் சும்மா மாற்றினால் லூன் தேறாது, சோதனை முதல் திரையிலேயே நின்றுவிடும்.

கடவுச்சொல் ஹாஷ்களை எல்லோருக்கும் ஒரே டெஸ்ட் கடவுச்சொல்லின் ஹாஷாக வையுங்கள். செஷன், ஏபிஐ சாவி, ஓஆத் டோக்கன், புஷ் அறிவிப்பு டோக்கன் ஆகியவற்றை அழித்துவிடுங்கள். இவற்றை மாற்றக்கூடத் தேவையில்லை. எந்தச் சோதனைக்கும் நிஜ டோக்கன் வேண்டியதில்லை.

தேதிகள்

பிறந்த தேதியில் ஆண்டை வைத்துக்கொண்டு நாளையும் மாதத்தையும் கலைக்கலாம். ஆனால் 18 வயது எல்லை போன்றவை உங்கள் அமைப்பில் இருந்தால், எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாரோ அதே பக்கம் இருக்கும்படி பாருங்கள். பிப்ரவரி 29-இல் பிறந்த ஓரிருவரைக் கையால் சேருங்கள்.

நிகழ்வுத் தேதிகளை நகர்த்துவதென்றால் ஒருவருக்கு ஒரே நகர்வு, எல்லா டேபிளிலும். இல்லையென்றால் பதிவு செய்வதற்கு முன்பே ஆர்டர் போட்டவர்கள் கிடைப்பார்கள். டெஸ்டர் அதைப் பக் என்று பதிவு செய்வார். ஏழின் மடங்கில் நகர்த்தினால் கிழமை கெடாது. மாதக் கடைசி மட்டும் கெடும். மாதச் சந்தா சோதனைக்கு ஜனவரி 31 ஜனவரி 31-ஆகவே இருக்க வேண்டும்; அங்கே நகர்த்தாமல், செயற்கை வரிசைகளைப் பயன்படுத்துவதே சரி.

தொகைகள்

இதில் எல்லோருக்கும் ஒத்த பதில் கிடையாது. பில்லில் வரிகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், தொகையில் சிறு மாற்றம் செய்தாலே கணக்கு உடையும். வாங்கும் பில்களின் தொகையை நான் பொதுவாக அப்படியே விட்டுவிடுவேன். சம்பளத் தரவு அப்படியல்ல. நிறுவனத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை மாற்றியும் பயனில்லை. சம்பள அமைப்புக்கு முழுக்கவே செயற்கைத் தரவு தயாரிப்பதுதான் நல்லது.

கட்டற்ற உரை

குறிப்புப் பெட்டிகள்தான் இந்த வேலையின் மோசமான மூலை. ஒரு சேவைக் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கணவர் எண்ணுக்கு அழைக்கவும். இவருக்கு ஆபரேஷன் ஆகி வீட்டில்தான் இருக்கிறார், மதியத்துக்கு மேல் கூப்பிடச் சொன்னார்." எண்ணையும் பெயரையும் தேடி நீக்கும் ஸ்கிரிப்ட் இதைத் தொடவே தொடாது. ஆனால் உடல்நலம், குடும்பம், வீட்டில் இருக்கும் நேரம் மூன்றும் இதில் இருக்கின்றன.

ஆகவே சுத்தம் செய்ய முயலாதீர்கள். முழு உரையையும் அதே நீளமுள்ள, அதே எழுத்து வகையுள்ள நிரப்பு உரையாக மாற்றுங்கள். வரி முறிவு, எமோஜி, மேற்கோள் குறி இருந்த இடங்களை மட்டும் தக்கவையுங்கள். திரை உடைவது அவற்றால்தான்.

6. ஒரே ஆள் எல்லா இடத்திலும் ஒரே மாற்றாக வர வேண்டும்

வாடிக்கையாளர் டேபிளில் ஒரு மாற்று மின்னஞ்சலும், ஆர்டர் டேபிளில் வேறொன்றும் வந்தால் இணைப்புகள் உடையும். இரண்டு மைக்ரோசர்வீஸ்கள் தனித்தனித் தரவுத்தளம் வைத்திருந்தால் பிரச்சினை இரட்டிப்பு.

இதற்கு ரகசியச் சாவியைச் சேர்த்துக் கணக்கிடும் ஹாஷான ஹெச்மேக் நல்ல வழி. மூல மதிப்பை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்: முன்பின் இடைவெளிகளை நீக்கி, ஆங்கில எழுத்துகளைச் சிறியதாக்கி. அப்புறம் சாவியோடு ஹெச்மேக் எடுத்து, அந்த எண்ணை வைத்துப் பட்டியலிலிருந்து பெயரையோ இடத்தையோ தேர்ந்தெடுங்கள். அதே மூலம், அதே சாவி, அதே விடை. எம்டி5 போலல்லாமல், சாவி இல்லாதவரால் எல்லாச் சாத்தியங்களையும் போட்டுப் பார்க்க முடியாது.

சில ஆயிரம் பெயர்கள் உள்ள பட்டியலில் இருவருக்கு ஒரே பெயர் வருவது இயல்பு, அது பரவாயில்லை. மின்னஞ்சலுக்கு அது ஆகாது, தனித்தன்மைக் கட்டுப்பாடு தடுக்கும். மின்னஞ்சலைப் பெயரிலிருந்து கட்டாமல் ஹெச்மேக்கின் நீண்ட துண்டிலிருந்து கட்டுங்கள்.

இந்தச் சாவி டெஸ்ட் சூழலுக்கு ஒருபோதும் போகக் கூடாது. சாவி இருக்கும்வரை இது புனைபெயராக்கம் மட்டுமே. புனைபெயரிட்ட தரவு, கூடுதல் தகவல் கொண்டு ஆளோடு இணைக்க முடிந்தால், தனிப்பட்ட தரவாகவே கருதப்படும் என்பது ஜிடிபிஆரின் நிலை. தொடர்ச்சி தேவைப்படாத நகலென்றால், ஓட்டம் முடிந்ததும் சாவியை அழித்துவிடுங்கள்.

7. எல்லைக்குள் ஓட்டுங்கள், புதிய டம்ப் எடுங்கள்

நகலை டெஸ்ட் சர்வருக்குக் கொண்டுபோய் அங்கே மாஸ்க் செய்யலாமே என்று தோன்றும். அந்த இடைப்பட்ட நேரத்தில் நிஜத் தரவு அங்கே இருக்கும். தானியங்கி பேக்கப் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளும். எனவே மாஸ்கிங் முடியும்வரை நகல் எல்லைக்குள் இருக்கட்டும்.

முடிந்ததும் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டை (டிஸ்க்கில் இருப்பதன் அச்சு நகலை) அனுப்பாதீர்கள். போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒரு வரிசையைப் புதுப்பித்தால் பழைய வரிசை உடனே அழிவதில்லை. வேக்யூம் என்ற துப்புரவு வேலை ஓடி அந்த இடம் மறுபடி பயன்படும்வரை கோப்பில் கிடக்கும். பதிவு லாக்குகளிலும் பழைய மதிப்பு இருக்கலாம். ஸ்னாப்ஷாட்டைத் திறந்து பச்சையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். பிஜி-டம்ப் போன்ற கருவியால் தர்க்கரீதியான டம்ப் எடுத்தால் உயிருள்ள வரிசைகள் மட்டுமே வெளியே வரும். அந்த டம்ப்பை மட்டும் நகர்த்துங்கள்.

8. வெளியே விடுமுன் நீங்களே உடைத்துப் பாருங்கள்

ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. மூன்று சோதனைகளையாவது தானாக ஓடும்படி வையுங்கள்.

முதலாவது, அடையாள வரிசை. மாஸ்கிங்குக்கு முன், எல்லைக்குள் உள்ள நகலில், வேறெங்கும் இல்லாத விசித்திரமான சொற்களால் எல்லாப் புலங்களையும் நிரப்பிய ஒரு போலி வாடிக்கையாளரைச் சேருங்கள். அவர் பெயரில் ஆர்டர், குறிப்பு, இணைப்பு எல்லாம் இருக்கட்டும். வெட்டும்போது அவர் கட்டாயம் உள்ளே வர வேண்டும். டம்ப் வந்ததும் அந்தச் சொற்களை அதில் தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் எந்த டேபிளில் ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும். சும்மா கண்ணால் மேய்வதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

இரண்டாவது, வடிவத் தேடல். ஒதுக்கிய டொமைன்களில் முடியாத எந்த மின்னஞ்சலும், பரிசோதனைப் பட்டியலில் இல்லாத, லூன் தேறும் 13 முதல் 19 இலக்க எண்ணும் இருக்கக் கூடாது. ஆர்டர் எண்கள் சில தற்செயலாக லூன் தேறும். அவற்றை விலக்கு பட்டியலில் போடுங்கள். எரிச்சலைப் பார்த்து இந்தச் சோதனையையே அணைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, தனித்து நிற்பவர்கள். அஞ்சல் குறியீடு, பிறந்த ஆண்டு, பாலினம் என்று நீங்கள் விட்டுவைத்தவற்றைக் குழுவாக்கி எண்ணுங்கள். ஒருவர் மட்டுமே உள்ள குழுக்கள் அதிகம் இருந்தால், அஞ்சல் குறியீட்டின் முன் இலக்கங்களை மட்டும் விட்டுவைத்து மறுபடி எண்ணுங்கள். மிகச் சிறிய குழுக்களை நீக்குவதால் எந்தச் சோதனையும் கெடாது.

இவை தேறிய பிறகே பொறுப்பாளர் கையெழுத்து.

9. டெஸ்ட் சூழலின் வாயைக் கட்டுங்கள்

தரவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், டெஸ்ட் சூழலிலிருந்து வெளியே எதுவும் போகாதபடி செய்ய வேண்டும். 2021 ஜூனில் ஹெச்பிஓ மேக்ஸ் சந்தாதாரர்களில் ஒரு பகுதியினருக்கு "ஒருங்கிணைப்புச் சோதனை மின்னஞ்சல் 1" என்ற பொருளில் ஒரு வெற்று அஞ்சல் போனது நினைவிருக்கலாம். அதிலாவது வெறும் சங்கடம்தான். உங்கள் சூழலிலிருந்து "உங்கள் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று போனால்?

மின்னஞ்சலை மெயில்பிட் போன்ற பிடிக்கும் சர்வருக்குத் திருப்புங்கள். டெஸ்டரும் அங்கேயே அஞ்சலைப் பார்க்கலாம். எஸ்எம்எஸ், புஷ், கட்டணம் ஆகியவற்றுக்கு சாண்ட்பாக்ஸ் சாவிகள். பலர் கோட்டை விடுவது தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கும் அமைப்புகளில்தான்: கூட்டாளி நிறுவனங்களின் வெப்ஹுக் முகவரிகள் (ஏதாவது நடந்ததும் தானாகச் செய்தி போகும் இணைய முகவரிகள்) ஒரு டேபிளில் வரிசைகளாக இருக்கும், அவை டம்ப்போடு சேர்ந்து வரும். அவற்றை மாஸ்கிங் விதிகளில் சேருங்கள். கடைசியாக நெட்வொர்க் மட்டத்தில் வெளிச்செல்லும் இணைப்புகளை அடைத்து, தேவையானவற்றை மட்டும் திறங்கள். மேலே ஏதாவது விட்டுப்போயிருந்தாலும் இது பிடித்துக்கொள்ளும்.

10. இல்லாததைச் செயற்கையாகச் சேருங்கள்

நிஜத் தரவில் இன்னும் நடக்காதவை இருக்காது. அடுத்த மாதம் வரப்போகும் சலுகைத் திட்டம், இதுவரை யாரும் தொடாத உச்சவரம்பு, ஒரே நொடியில் இரு கட்டணங்கள் போன்றவை மாஸ்க் செய்த நகலில் கிடைக்கவே கிடைக்காது. இவற்றை ஸ்கிரிப்ட் மூலம் உருவாக்குங்கள். தற்போக்கு எண்ணுக்கு சீடு (மாறாத தொடக்க எண்) கொடுத்து வையுங்கள். இன்று உடைந்த டெஸ்ட் நாளையும் அதே இடத்தில் உடைந்தால்தான் திருத்த முடியும்.

செயல்திறன் சோதனைக்குத் தரவைப் பெருக்கும்போது பரவலைக் கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே நகரம், ஒரே குடும்பப்பெயர் என்று நிரப்பினால் தரவுத்தளம் இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு முழு டேபிளையும் படிக்கும். நீங்கள் அளப்பது புரொடக்ஷனில் நடக்காத ஒன்றாக இருக்கும். ஆளுக்குச் சராசரியாகப் பத்து ஆர்டர் என்று சமமாகப் பங்கிடுவதும் தவறு. நிஜத்தில் சிலரிடம் ஆயிரக்கணக்கில் இருக்கும், பலரிடம் ஒன்றுதான் இருக்கும். மெதுவாகும் திரை அந்தச் சிலருடையதுதான்.

11. விதிவிலக்குக்கும் காலாவதிக்கும் வழி வையுங்கள்

எவ்வளவு செய்தாலும் மாஸ்க் செய்த தரவில் வராத ஒரு பக் ஒருநாள் வரும். அதற்கு வழி வைக்காவிட்டால் ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள். வழி இப்படி இருக்கலாம்: டெவலப்பர் எல்லைக்குள் வந்து பார்க்கிறார், தரவு வெளியே வருவதில்லை. சம்பந்தப்பட்ட வாடிக்கையாளரின் வரிசைகள் மட்டும், படிக்க மட்டும், சில மணி நேரத்துக்கு மட்டும், பதிவோடு. காரணம் தெரிந்ததும், அதே வடிவமுள்ள செயற்கை வரிசையை எழுதி டெஸ்ட் தொகுப்பில் சேர்க்கிறார். ஒவ்வொரு விதிவிலக்கும் இப்படி ஒரு செயற்கை வரிசையோடு முடிந்தால், அடுத்தடுத்த கோரிக்கைகள் தானாகக் குறையும்.

பக் பதிவில் ஒட்டப்படும் திரைப்பிடிப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். புரொடக்ஷன் திரையைப் படம்பிடித்து ஒட்டிவிட்டால், அந்தப் பதிவைப் பார்க்க உரிமையுள்ள எல்லோருக்கும், வெளி ஒப்பந்ததாரர் உட்பட, அந்த வாடிக்கையாளர் தெரிவார். பக் மூடிய பிறகும் படம் அங்கேயே இருக்கும். விதிவிலக்குப் படிவத்தில் "ஒட்டிய படங்கள் நீக்கப்பட்டனவா?" என்று ஒரு பெட்டி இருக்கட்டும்.

ஒவ்வொரு நகலுக்கும் ஒரு காலாவதித் தேதி கொடுங்கள். தேதி வந்ததும் ஸ்கிரிப்ட் அதை அழிக்கட்டும். வாராவாரம் புதிய நகல் தானாக வரும் என்று தெரிந்தால் யாரும் பழையதைப் பதுக்கமாட்டார்கள். பதுக்கியவர் யாராவது இருக்கிறாரா என்று அறிய, ஒவ்வொரு நகலிலும் உள்ள போலி வாடிக்கையாளரின் மாற்றுப் பெயரோடு அந்த நகலின் எண்ணையும் சேர்த்து வையுங்கள். பழைய எண் எங்கேயாவது தென்பட்டால், எந்த நகல், யாருக்குக் கொடுத்தது என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.